சொன்னது சொன்னபடி

மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மன்னிப்பு எழுதுவதா நன்றி எழுதுவதா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். நன்றியே முதலில் இருக்கட்டும். பட்டப்பகலில் குடித்துவிட்டுக் காரைப் பின்னால் எடுத்து உங்கள் கேட்டை இடித்துத் தள்ளினேன். வேறு யாராக இருந்தாலும் தெருவையே கூட்டியிருப்பார்கள். நீங்கள் என் காரின் பின்கதவைத் திறந்து, உள்ளே இருந்த என் மகளிடம், "இறங்குடி கண்ணு, பெரியம்மா வீட்டுக்குப் போகலாம்" என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நடந்ததில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

இங்கே ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடிதம் எழுதலாம், வருகிற கடிதத்தையும் கொடுத்துவிடுவார்கள். என் அறையில் ஒரு வக்கீலம்மாவும் ஒரு பேக்கரிக்காரம்மாவும் இருக்கிறார்கள். குடியை விட வந்த இடத்திலும் வக்கீலம்மா எதற்கெடுத்தாலும் ஆட்சேபம். காலையில் எனக்குச் சமையலறை வேலை, உருளைக்கிழங்கு தோல் சீவ வேண்டும். "டீச்சர், தோலோட பாதிக் கிழங்கும் போகுது" என்று பேக்கரிக்காரம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். கணக்கு டீச்சருக்கு இதுகூட வரவில்லையே என்று எனக்கே சிரிப்புதான்.

குட்டி எப்படி இருக்கிறாள்? பசிக்கவில்லை என்பாள், நம்பாதீர்கள். அவள் அப்பா வாரம் முழுக்க மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவர். சனி, ஞாயிறு மட்டும் வந்து அழைத்துக்கொள்வார். மற்ற நாளெல்லாம் அவள் உங்கள் வீட்டுப் பெண். 

மே மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிடுவார்களாம். நான் திரும்பி வந்தால் அவள் என்னோடு இருக்க வருவாளா அக்கா? எனக்கு வேறு கவலை கிடையாது. வேலை போனால் டியூஷன் எடுத்துப் பிழைப்பேன். அவள் மனம் மட்டும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
பக்கத்து வீட்டு டீச்சர்


மார்ச் 11, திங்கள்

டீச்சருக்கு, மருந்துக்கடை அக்கா எழுதுறேன்.

கேட்டைப் பத்தி இனிமே ஒரு வரி எழுதக் கூடாது, சொல்லிட்டேன். அது ஏற்கெனவே துருப்பிடிச்சு நின்னுட்டிருந்த கேட்டு. உங்க புண்ணியத்துல புதுசு வந்துடுச்சு, உங்க வீட்டுக்காரர் ஆளை வச்சு மாட்டிக் குடுத்துட்டார். வாசல்ல கேமரா மாட்டி வச்சுத் தெருவையே பார்க்கற எதிர்வீட்டம்மாவுக்குத்தான் தூக்கம் போச்சு. "டீச்சர் எங்க போயிருக்காங்க, எப்ப வருவாங்க"ன்னு கடைக்கே வந்து கேட்டாங்க. "உங்க பொண்ணு மாமியார் வீட்டுக்கு எப்பப் போறா?"ன்னு நானும் கேட்டேன். மாத்திரையை வாங்கிட்டுப் போயிட்டாங்க. பாவம், அந்தப் பொண்ணு லீவுல வந்திருக்கான்னு எத்தனை மாசத்துக்குத்தான் சொல்லுவாங்க. நம்ம தெருவுல யார் வீட்லதான் எல்லாம் ஒழுங்கா இருக்கு சொல்லுங்க.

பாப்பா நல்லா இருக்கா. மொத ரெண்டு நாள் தட்டைத் தொடல. அப்புறம் முட்டையைப் பொரிச்சு வச்சுட்டு நான் பாட்டுக்குத் திரும்பி நின்னுக்கிட்டேன். திரும்பிப் பார்த்தா தட்டு காலி.

இப்ப ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் பேச்சு இல்லங்கறது தெருவுக்கே தெரியும். பையன் படிப்பைப் பாதியில விட்டுட்டு வீட்டை விட்டுப் போனப்ப, நான் செல்லம் குடுத்துக் கெடுத்தேன்னு அவர் சொன்னார், நீங்கதான் விரட்டுனீங்கன்னு நான் சொன்னேன். அன்னிக்கு நின்ன பேச்சு, மூணு வருஷமாச்சு. அவர் ஏசி ரிப்பேருக்குப் போயிட்டு வருவார், நான் சாப்பாட்டை மேஜையில வச்சு டம்ளரால ஒரு தட்டுத் தட்டுவேன். அவ்வளவுதான் எங்க குடும்பம்.

இப்ப நடுவுல உங்க பொண்ணு உக்காந்திருக்காளே! அவர் "பெரியம்மாகிட்ட சொல்லு, வாயில வைக்க முடியல, ஒரே உப்பு"ன்னார். எதிர்ல இருக்கற எனக்குக் காது கேக்காதா? பாப்பா என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். உப்பு மட்டும் நாளைக்குக் கொஞ்சம் கம்மியாப் போடலாமாம்"கறா! நான் "அந்த மனுஷனை ஓட்டல்ல போய்க் கொட்டிக்கச் சொல்லு"ன்னேன். அவ அவர்கிட்ட, "பெரியம்மா சாரி சொன்னாங்க பெரியப்பா, இன்னொரு முட்டை வேணுமான்னு கேக்கறாங்க." எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம புரை ஏறிடுச்சு. அவரும் தட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுச் சிரிக்கறார்! இவ பெரியவளானா எந்த நாட்டுச் சண்டையையும் தீர்த்து வச்சுடுவா.

நீங்க எனக்கு நன்றி சொல்றீங்க. நான்தான் உங்களுக்குச் சொல்லணும். வீடு வீடா இருக்கு இப்ப.

அக்கா


மார்ச் 24, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். பேக்கரிக்காரம்மா சிரித்துச் சிரித்துக் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார். இன்னொரு முட்டை வேண்டுமா என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டு திரிந்தோம். அந்தச் சிரிப்புக்கு உங்களுக்கு நன்றி. இங்கே அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

இன்று அவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். இங்குள்ள ஆலோசகர் அம்மா ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவருக்கொருவர் எதற்காவது நன்றி சொல்லச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. "நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சாயங்காலம் ஃபோன் செய்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்கத் தவறியதில்லை. நான் இருந்த இருப்புக்கு அது பெரிய விஷயம்" என்றேன். உண்மையாகவே அதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா, நான் பல நாளைத் தள்ளினேன்.

அவர் என்னைப் பார்த்து விழித்தார். "நான் எப்ப அப்படிக் கேட்டேன்?" என்றார்.

ஃபோனை எப்போதும் குட்டிதான் எடுப்பாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்பாள். நான் சோபாவில் கிடப்பேன். பேசி முடித்து என்னிடம் வந்து, "அப்பா நீ சாப்பிட்டியான்னு கேட்டார்மா" என்பாள். அவர் கேட்டதெல்லாம், "இன்னிக்கும் குடிச்சாளா? உங்கம்மாவுக்கு வெட்கமே கிடையாதா?" என்பதுதானாம். அதற்கு அவள் அவரிடம், "அம்மா உங்களைத் தேடுறாங்கப்பா" என்று சொல்வாளாம். அவரும் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் உட்கார்ந்து அழுதோம். எங்கள் கல்யாணத்தை இத்தனை நாள் நடத்தியது ஆறாம் வகுப்புப் படிக்கிற குழந்தை!

அக்கா, நாம் சிரித்தோமே, அது அவளுக்கு விளையாட்டு இல்லை. எங்கள் வீட்டில் பார்த்த வேலையைத்தான் உங்கள் வீட்டிலும் வந்து பார்க்கிறாள். யார் என்ன சொன்னாலும் அது சண்டையாகாமல் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடமிருந்து அந்த வேலையை வாங்கிவிடுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன்: நீங்களும் அண்ணனும் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாதா? சண்டை போட்டாலும் பரவாயில்லை, நேராகப் போடுங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 2, செவ்வாய்

டீச்சருக்கு,

கடிதம் வந்துச்சு. பாப்பா நல்லா இருக்கா. பரீட்சைக்குப் படிக்கிறா. புது செருப்பு வாங்கிக் குடுத்திருக்கேன்.

எங்க வீட்டு விஷயம் எங்க வீட்டோட இருக்கட்டும். பாவம்னு புள்ளையைக் கூட்டிட்டு வந்து வச்சதுக்கு, எனக்கும் சேர்த்து வைத்தியமா? நான் மனசுல எதுவும் வச்சுக்காம எழுதினதை நீங்க பத்துப் பேருக்குப் படிச்சுக் காட்டியிருக்கீங்க. நல்லா இருக்கு.

கடையில கூட்டம். இத்தோட நிறுத்திக்கறேன்.

மருந்துக்கடை


ஏப்ரல் 7, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துக் காட்டியது தப்பு. மன்னித்துவிடுங்கள். இனி உங்கள் கடிதம் எனக்கு மட்டும்தான்.

கோபமாகவாவது எழுதினீர்களே, அதற்கு நன்றி. எழுதாமலே விட்டிருந்தால் நான் துடித்துப் போயிருப்பேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் அவளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்கிறவர். ஆனால் அக்கா, கேட்டதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு வைத்தியம் பார்க்க நான் யார்? என் பெண்ணுக்காகக் கேட்கிறேன். கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

உங்கள் தங்கை


ஏப்ரல் 29, திங்கள்

டீச்சர்,

கோவத்துல ரெண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன். இப்ப இறக்கி வச்சுட்டேன். நடந்ததைச் சொல்றேன்.

ரெண்டு வாரம் முன்னாடி என் பையன் கடைக்கு ஃபோன் பண்ணினான். வேலையா இந்தப் பக்கம் வர்றானாம், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாமான்னு கேட்டான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பழக்க தோஷம், பாப்பாகிட்டயே சொல்லி அவர்கிட்ட கேட்டு வரச் சொன்னேன். அவர் பின்பக்கம் ஏதோ ஏசியைப் பிரிச்சுப் போட்டுக் கழுவிட்டிருந்தார். இவ போயிட்டு ஓடி வந்து, "பெரியப்பா வரச் சொல்றார் பெரியம்மா"ன்னா. நான் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன் டீச்சர்.

அவர் சொன்னது என்னன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. "அவன் இந்தப் படி ஏறினா நான் இறங்கிப் போயிடுவேன்னு சொல்லு"ன்னிருக்கார். அவரை எப்படி வீட்டுலயே நிறுத்தறது? இவ மறுநாள் அவர்கிட்டப் போய், "அண்ணன் இந்த வாரம் வரலையாம் பெரியப்பா"ன்னு சொல்லி வச்சிருக்கா. ரெண்டு பக்கமும் கச்சிதமா முடிச்சுட்டா.

ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்காரருக்கு ஏதோ மீட்டிங், பாப்பா எங்களோடதான். மத்தியானம் பையன் பையும் கையுமா வந்து நிக்கறான். அவர் தலை பூரா கறுப்புச் சாயத்தைத் தடவிக்கிட்டுக் கூடத்துல உக்காந்திருக்கார். கோவத்துல வெளிய போகலாம்னாலும் அந்தத் தலையோட தெருவுல கால் வைக்க முடியுமா? எதிர்ல கேமரா வேற! பாப்பா பக்கம் திரும்பி, "யாரைக் கேட்டு அவனை வரச் சொன்னாங்கன்னு உங்க பெரியம்மாவைக் கேளு!"ன்னு கத்தினார். நானும் இவளைப் பார்த்து, "நீதானே சொன்னே, பெரியப்பா வரச் சொன்னார்னு?"ன்னேன். மூணு பேரும் அந்தப் புள்ளையையே பார்க்கறோம்.

அவ முகத்துல ரத்தமே இல்ல. ஓடிப் போய் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. உள்ள இருந்து, "நான்தான் மாத்திச் சொன்னேன், சண்டை போடாதீங்க, நான் எங்க வீட்டுக்கே போயிடறேன்"னு திரும்பத் திரும்ப அதையேதான் சொல்றா. வாந்தி எடுக்கற சத்தம் கேட்டுச்சு. எனக்கு அப்பதான் நீங்க எழுதினது உறைச்சுது. ஐயோ, இதுக்குத்தானா சிரிச்சோம்னு என்னை நானே அறைஞ்சுக்கணும் போல இருந்துச்சு.

நானும் அவரும் அந்தக் கதவுக்கு வெளிய. என் பையன் பையை இறக்காம அப்படியே நிக்கறான். நான் அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க அவகிட்ட"ன்னேன். நேரா அவரைப் பார்த்து! அவர் என்னைப் பார்த்து, "நீ சொல்லு, நீ சொன்னா கேப்பா"ன்னார். அப்புறம் அவரே தரையில உக்காந்து கதவுல வாயை வச்சு, "பாப்பா, நீ சொன்னது தப்பில்லம்மா, நான் சொன்னதுதான் தப்பு. நான்தான் முட்டாளாட்டம் பேசினேன். நீ எங்கயும் போக வேணாம், யாரும் எங்கயும் போகல"ன்னார். சாயம் வழிஞ்சு சட்டையெல்லாம் கறுப்பு. "எழுந்து போய்த் தலையை அலசுங்க, கண்ணுல பட்டுடப் போகுது"ன்னு நான் சொன்னேன். "அவ வெளிய வரட்டும்"னார். அப்படியே பேசிக்கிட்டே உக்காந்திருந்தோம். ரொம்ப நேரம் கழிச்சுத் தாழ்ப்பாள் திறந்துச்சு.

பையன் ரெண்டு நாள் இருந்துட்டுப் போனான். அப்பனும் மகனும் கட்டிப்பிடிச்சு அழுதாங்கன்னெல்லாம் நினைச்சுடாதீங்க. ஃபேன்ல ஏதோ சத்தம் வருதுன்னு ரெண்டு பேரும் ஏறி நின்னு பிரிச்சாங்க. அதுவே போதும் எனக்கு.

இப்ப நாங்க நேரா பேசறோம். கூச்சமா இருக்கு, புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி. அவர் என்கிட்ட பேசணும்னா இன்னும் சுவத்தைப் பார்த்துத்தான் பேசறார், "குழம்புல உப்பு இல்ல"ன்னு. "நீங்களே போட்டுக்குங்க"ன்னு நானும் சுவத்துக்கே பதில் சொல்றேன். பாப்பாகிட்ட சொல்லிட்டோம், இனிமே யாரும் எதையும் உன்கிட்ட குடுத்து அனுப்ப மாட்டோம்னு. நம்பாம எங்களையே மாறி மாறிப் பார்த்துட்டிருந்தா. வெள்ளிக்கிழமை நாங்க சின்னதா ஒரு சண்டை போட்டோம். அவ பாட்டுக்கு டிவி பார்த்துட்டிருந்தா!

உங்க மேல கோவப்பட்டதுக்கு என்னை நாலு திட்டுத் திட்டி எழுதுங்க. உங்களால என் வீட்ல பேச்சு வந்துச்சு.

அக்கா


மே 5, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டுவதா? நீங்கள் எதிரே இருந்தால் காலில் விழுந்திருப்பேன். அண்ணன் தலைச்சாயத்தோடு தரையில் உட்கார்ந்ததை நினைத்து அழுவதா சிரிப்பதா தெரியாமல் இரண்டையும் செய்தேன். யாருக்கும் படித்துக் காட்டவில்லை. வக்கீலம்மா என்ன விஷயம் என்று துருவிப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

மே 25, சனிக்கிழமை என்னை அனுப்புகிறார்கள். அவர் வந்து கூட்டி வருவார். மதியத்துக்குள் தெருவுக்கு வந்துவிடுவோம்.

குட்டியிடம் நாளை மட்டும் சொல்லுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம். "அம்மா பாவம்" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு என்ன தோன்றுகிறதோ அது எனக்குத் தெரிந்தால் போதும். 

உங்கள் தங்கை


மே 14, செவ்வாய்

டீச்சர்,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மனசே வரல. ஆனா பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உக்காந்து, நான் எழுதறதை ஒரு வரி விடாம உங்க பொண்ணு பார்த்துட்டிருக்கா.

நாளைச் சொன்னதும், "ரொம்ப சந்தோஷம்னு எழுதிடுங்க பெரியம்மா"ன்னா. சரிம்மான்னேன். மாடிப்படியில போய் உக்காந்துட்டா. இவர், "விடு, கூப்பிடாத"ன்னார். சாயங்காலம் வந்து, "அதை எழுதாதீங்க, நான் சொல்றதை எழுதுங்க. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது"ன்னா. நீயே எழுதேன்னு சொன்னேன். "நான் எழுதினா மாத்திடுவேன் பெரியம்மா"ங்கறா.

இனி அவ சொல்றது:

அம்மா, நீ வா. ஆனா நான் நம்ம வீட்ல தூங்க வர மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. அங்க காலைல எழுந்ததும் நீ மூச்சு விடறியான்னு பார்ப்பேன். இங்க பார்க்க வேண்டியதில்ல. உன் மேல கோவமும் இருக்கு. எவ்வளவு நாளைக்குன்னு கேக்காத, எனக்குத் தெரியாது. தினம் சாயங்காலம் வருவேன். வந்து கணக்குப் போடுவேன். உன் கார்ல ஏற மாட்டேன்.

அவ்வளவுதான் டீச்சர். "கோவமும் இருக்கு"ங்கற இடத்துல "கொஞ்சம்"னு சேர்க்கப் போனேன். பேனாவைப் பிடிச்சு நிறுத்திட்டா. நான் என்ன பண்ணுவேன், மன்னிச்சுக்குங்க.

அக்கா


மே 19, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிப்புக் கேட்காதீர்கள். எனக்கு இதுவரை வந்த கடிதங்களில் இதற்கு ஈடாக ஒன்று கிடையாது.

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். மூச்சு விடுகிறேனா என்று அவள் குனிந்து பார்த்திருக்கிறாள் என்பதைப் படித்துவிட்டு, அன்று சமையலறைக்குப் போக முடியவில்லை. என் பங்குக் கிழங்கையும் பேக்கரிக்காரம்மாவே சீவினார். ஆனால் அக்கா, என் மகள் என்னிடம் சொன்னதில் எது அவள் சொன்னது, எது என்னைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னது என்று எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது. இப்போது ஏழெட்டு வரி இருக்கிறது என் கையில், எல்லாம் அவளுடையது. அவளுக்கு என் மேல் கோபம் இருக்கிறது. அதை என்னிடம் சொல்லலாம், சொன்னால் வீடு இடிந்து விழாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தத் தைரியம் உங்கள் வீட்டில் வந்தது. நான் பெற்றேன், நீங்களும் அண்ணனும் அவளுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தீர்கள். இதற்கு எந்த நன்றியும் போதாது, இருந்தாலும் சொல்கிறேன். நன்றி அக்கா.

அவள் படுக்கை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். எவ்வளவு நாள் என்று நான் கேட்கமாட்டேன். காரை விற்றுவிடச் சொல்லி அவரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்கு நான் வீட்டில் இருப்பேன், தெளிந்த தலையோடு. மறுநாளும் இருப்பேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க இங்கே யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும், "அம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்று உங்களைக் கேட்பாள். எதுவும் சொல்லாதீர்கள் அக்கா. நானே வந்து சொல்கிறேன்.

உங்கள் தங்கை